யானைத்துறையும் அறுபத்து நான்கு கட்டங்களும்

தீவகத்தின் கதை – பகுதி 17

சென்ற பகுதியில் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டைப் பார்த்தோம். முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) வெட்டுவித்த ஆணை அது. அதில் ஊராத்துறை என்று வருவதுதான் இன்றைய ஊர்காவற்றுறை. பிற நாட்டு வணிகர் அங்கே வந்து தங்கலாம், அவர்களுக்குக் காவல் உண்டு என்று உறுதி கூறிவிட்டு, கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்று ஆணை கணக்குச் சொல்கிறது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவருக்கு. வேறு சரக்கு ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி.

இந்த வேறுபாட்டின் காரணத்தைக் கல்வெட்டே சொல்லிவிடுகிறது. அரசனுக்கு யானையும் குதிரையும் வேண்டும். அவற்றைக் கொண்டுவருபவன் கடலில் நட்டப்பட்டால் அடுத்த முறை இந்தத் துறைக்கு வரமாட்டான். ஆகவே அவனுடைய கப்பலில் அரசு தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறது. எதை விட்டுக்கொடுத்து எதைப் பெறுவது என்று முன்கூட்டியே நிறுத்துப் பார்த்த ஒருவனின் ஆணை இது.

அந்த யானையும் குதிரையும் இன்றைய படைகளில் இல்லை. ஆனால் உலகம் முழுவதும் ஒரு பலகையின் மேல் இன்னும் அணிவகுத்து நிற்கின்றன. இந்தப் பகுதியில் அந்தப் பலகைக்கு வருவோம். சதுரங்கத்தை ஒருபோதும் ஆடாதவரும் இதைப் படித்து முடித்ததும் காய்களை அடுக்கி உட்கார வேண்டும் என்பது என் விருப்பம். ஆட்டத்தின் விதிகளை அது கடந்து வந்த கடல்வழியோடு சேர்த்துச் சொல்லப் போகிறேன். அந்த வழியில் நம் தீவுகளும் இருக்கின்றன.

நாற்படையின் பயணம்

தேர், யானை, குதிரை, காலாள் என்ற நான்கும் சேர்ந்தது பழைய படை. அந்தப் படையை அறுபத்து நான்கு கட்டங்களில் நிறுத்தி இருவர் ஆடும் ஆட்டம் 6ஆம் நூற்றாண்டளவில் வட இந்தியாவில் உருவானது. 7ஆம் நூற்றாண்டில் ஹர்ஷரின் அவையில் இருந்த பாணர் தம் ஹர்ஷ சரிதத்தில் இதைக் குறிப்பிடுகிறார். அதற்கு முன்பே, முதலாம் குஸ்ரோ (531–579) ஆண்ட காலத்தில், ஆட்டம் பாரசீகம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது பாரசீக மரபு.

அதே 6ஆம் நூற்றாண்டில் காஸ்மஸ் என்ற கிரேக்க வணிகர் இலங்கையைப் பற்றி எழுதி வைத்தார். இலங்கை அரசன் யானைகளை உயரத்தை முழம் போட்டு அளந்து விலைக்கு வாங்குகிறான் என்கிறார். குதிரைகள் பாரசீகத்திலிருந்து வருகின்றன, அவற்றைக் கொண்டுவருவோருக்குச் சுங்கம் கிடையாது என்கிறார். இந்தியாவிலிருந்து சதுரங்கம் பாரசீகம் போன நூற்றாண்டில்தான் அங்கிருந்து குதிரை இங்கே வந்திருக்கிறது. பராக்கிரமபாகு கல்லில் வெட்டிய சலுகைக்கு அறுநூறு ஆண்டு மூத்த முன்னோடியும் காஸ்மஸின் எழுத்தில் கிடைத்துவிடுகிறது.

7ஆம் நூற்றாண்டில் அரபியர் பாரசீகத்தை வென்றார்கள். ஆட்டமும் அவர்கள் கைக்குப் போனது. பாக்தாத் அவைகளில் அல் அத்லி, அஸ் சூலி போன்ற வல்லுநர்கள் தோன்றி ஆட்டத்தைப் பற்றி நூல்கள் எழுதினார்கள். அங்கிருந்து வட ஆபிரிக்கா வழியாக ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் பரவி ஐரோப்பாவின் அரண்மனைகளுக்குள் புகுந்தது.

பாக்கு நீரிணைக்கு அக்கரையில் இந்த ஆட்டம் கோயில் கதையாகவே ஆகிவிட்டது. திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் பூவனூர் என்ற ஊர். அங்கே உறையும் சிவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். ஆட்டத்தில் தன்னை வெல்பவரையே மணப்பேன் என்றிருந்த அரசகுமாரியை ஈசன் ஆடி வென்று மணந்தார் என்கிறது தலபுராணம்.

பலகையும் அணிவகுப்பும்

இனிப் பலகையை விரிப்போம். எட்டு நிரல், எட்டு வரிசை, வெள்ளையும் கறுப்புமாக 64 கட்டங்கள். பலகையை வைக்கும்போது ஆடுபவரின் வலக்கை மூலையில் வெள்ளைக் கட்டம் இருக்க வேண்டும். புதிதாக ஆடுவோர் பலர் பிழை விடும் இடம் இது. பலகை திரும்பிவிட்டால் அரசனும் அரசியும் இடம் மாறிவிடுவார்கள்.

நிரல்களுக்கு வெள்ளைக் காய்களை ஆடுபவரின் இடக்கைப் பக்கத்திலிருந்து ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்று பெயர். வரிசைகளுக்கு அவர் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண். இரண்டையும் சேர்த்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு முகவரி கிடைத்துவிடும். வெள்ளை அரசன் நிற்பது ஈ-1. அவனுக்கு நேரெதிரே கறுப்பு அரசன் நிற்பது ஈ-8.

ஆளுக்குப் பதினாறு காய்கள். பின்வரிசையின் இரு மூலைகளிலும் கோட்டை. இதையே யானை என்று சொல்பவர்களும் நம்மிடையே பலர். கோட்டைக்கு அடுத்தது குதிரை, அதற்கடுத்தது மந்திரி. நடுவில் மிஞ்சும் இரண்டு கட்டங்களில் அரசி தன் நிறக் கட்டத்தில் நிற்பாள். வெள்ளை அரசி வெள்ளைக் கட்டமான டி-1இல், கறுப்பு அரசி கறுப்புக் கட்டமான டி-8இல். மற்றக் கட்டம் அரசனுக்கு. இவர்களுக்கு முன்னால் எட்டுக் காலாட்கள். முதல் நகர்வு எப்போதும் வெள்ளைக்கு. பிறகு ஒருவர் மாறி ஒருவர், ஒரு முறைக்கு ஒரு காய்.

கோட்டை நேர்க்கோட்டில் செல்லும். முன்னே, பின்னே, இடம், வலம் என எந்தத் திசையிலும் வழி திறந்திருக்கும் மட்டும் போகலாம். மந்திரி மூலைவாட்டில் எவ்வளவு தூரமும் போகும். வெள்ளைக் கட்டத்தில் தொடங்கிய மந்திரி கடைசிவரை வெள்ளைக் கட்டங்களிலேயே உலவும். அரசி இந்த இருவரின் ஆற்றலையும் ஒன்றாகக் கொண்டவள். அரசன் எந்தத் திசையிலும் ஒரு கட்டம் மட்டுமே வைப்பான். எதிரியின் காய் நிற்கும் கட்டத்துக்குப் போனால் அந்தக் காய் வெட்டுப்பட்டுப் பலகையை விட்டு நீங்கும்.

நெடுந்தீவின் குதிரை

குதிரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். நெடுந்தீவின் புல்வெளியில் இன்றும் மேய்ந்து திரியும் கட்டையான காட்டுக் குதிரைகளை நம் வாசகர்கள் அறிவார்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அங்கே குதிரை வளர்த்தார்கள். பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்ற அதிகாரி அந்தப் பண்ணையைப் பார்த்துக்கொண்டார். பண்ணை கைவிடப்பட்ட பிறகும் குதிரைகள் தீவிலேயே பெருகின. லாயத்தின் முருகைக்கல் தூண்கள் இடிந்தும் இடியாமலும் நிற்கின்றன. 2015இல் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. முருகைக்கல் வேலிகளைச் சுற்றிச் சுற்றி நடக்கும் நெடுந்தீவார், அவற்றைத் தாண்டிப் போகும் குதிரையைக் கண்டிருப்பார்கள்.

சதுரங்கக் குதிரையும் தாண்டும். வேறு எந்தக் காய்க்கும் அந்த உரிமை இல்லை. நேராக இரண்டு கட்டம், அங்கிருந்து பக்கவாட்டில் ஒரு கட்டம். நடுவில் தன் காய் நின்றாலும் எதிரியின் காய் நின்றாலும் குதிரைக்குத் தடையில்லை. ஜி-1இல் நிற்கும் வெள்ளைக் குதிரை முதல் நகர்விலேயே காலாட்களுக்கு மேலாகத் தாண்டி எஃப்-3க்கு வரலாம். ஒவ்வொரு தாண்டலிலும் நிற்கும் கட்டத்தின் நிறம் மாறும். பலகையின் நடுவில் நின்றால் எட்டுக் கட்டங்களை எட்டும். மூலையில் நின்றால் இரண்டுதான். குதிரையை ஓரத்தில் கட்டிவைக்காதே என்று ஆசிரியர்கள் சொல்வதன் காரணம் இதுவே.

ஆட்டத்தின் ஆயிரத்தைந்நூறு ஆண்டு வரலாற்றில் மாறாத நடை குதிரையின் நடை. அரசனின் ஒற்றை அடியும் கோட்டையின் நேரோட்டமும் பழையவையே. மாறியவை வேறு. அந்த மாற்றம் வந்த காலம் நம் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

1475இன் திருப்பம்

பழைய ஆட்டத்தில் அரசனுக்குப் பக்கத்தில் நின்றது அரசி அல்ல, ஓர் ஆலோசகர். அவர் மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் போவார். இன்று மந்திரி நிற்கும் இடத்தில் அரபியர் ஆட்டத்தில் நின்றது யானை. அது மூலைவாட்டில் இரண்டாம் கட்டத்துக்குத் தாண்டும், அவ்வளவே. ஆட்டம் மெதுவாக ஊர்ந்தது. படைகள் ஒன்றையொன்று தொடுவதற்கே பல நகர்வுகள் ஆகும்.

1475ஐ ஒட்டி ஸ்பெயினின் வலென்சியா நகரில் புதிய ஆட்டம் தலைகாட்டியது. ஆலோசகர் இருந்த இடத்தில் அரசி வந்தாள், பலகையின் குறுக்கும் நெடுக்கும் பாயும் ஆற்றலோடு. யானை இருந்த இடத்தில் மூலைவாட்டில் நெடுந்தூரம் ஓடும் காய் வந்தது. போர்த்துக்கேயரும் ஆங்கிலேயரும் அந்தக் காயைத் திருச்சபையின் ஆயராகக் கண்டார்கள். தேர் நின்ற மூலையில் ஐரோப்பா ஏற்கெனவே கோட்டைக் கொத்தளத்தை நிறுத்திவிட்டிருந்தது. புதிய விதிகளோடு லூசேனா என்பவரின் நூல் 1497இல் சலமன்காவில் அச்சேறியது. வாஸ்கோ ட காமா லிஸ்பனிலிருந்து பாய் விரித்ததும் அதே ஆண்டில்தான்.

அடுத்து வந்த நூல் ஒரு போர்த்துக்கேயருடையது. ஒடெமிரா என்ற ஊரைச் சேர்ந்த மருந்து வணிகர் பெத்ரு தமியானோ 1512இல் ரோமில் வெளியிட்டார். புதிதாகக் கற்போரை எண்ணி எழுதிய நூல். காரணமில்லாமல் காயை நகர்த்துவதைக் கண்டித்தவர் அவர். நல்ல நகர்வு ஒன்று கண்ணில் பட்ட பிறகும் அதைவிட நல்லது உண்டா என்று தேடச் சொன்னவர். ஐந்நூறு ஆண்டு கடந்தும் இன்றைய பயிற்சியாளர் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

அந்த நூல் வெளிவருவதற்கு ஏழு ஆண்டு முன்பு, 1505இல், போர்த்துக்கேயரின் கப்பல் இலங்கையை எட்டிவிட்டது. 1560இல் கொன்ஸ்தந்தினு த பிரகன்சா யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்தார். 1619இல் பிலிப் த ஒலிவேரா சங்கிலி மன்னனைச் சிறைப்பிடித்தபோது யாழ்ப்பாண அரசு முடிந்தது. ஊர்காவற்றுறையைப் போர்த்துக்கேயர் யானைகளின் துறை என்ற பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். வன்னியில் பிடித்த யானைகள் ஆனையிறவைக் கடந்து குடாநாட்டுக்குள் கொண்டுவரப்பட்டுக் கடல் வழியே வெளியேறின. பராக்கிரமபாகு காலத்தில் யானையும் குதிரையும் வந்திறங்க வேண்டும் என்று சலுகை கொடுத்த துறை, இப்போது யானையை ஏற்றி அனுப்பும் துறையாகிவிட்டது. கடலை ஆண்டவர்களின் பலம் கப்பலிலும் பீரங்கியிலும் கோட்டையிலும் இருந்தது. யானைப் படை அவர்களுக்கு விற்கும் சரக்கு.

கோட்டைக்குள் அகப்பட்ட அரசன்

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் நிற்கும் கோட்டையை நாம் கடற்கோட்டை என்கிறோம். போர்த்துக்கேயர் கட்டியது. ஒல்லாந்தர் வைத்த பெயர் ஹம்மன்ஹீல். 1658 மார்ச்சில் றைக்லொஃப் வன் கூன்ஸ் தலைமையில் வந்த ஒல்லாந்தர் அதை முற்றுகையிட்டார்கள். நான்கு புறமும் கடல். கோட்டைக்குக் குடிதண்ணீர் வரும் வழி அடைபட்டது. இரண்டு வாரம் தாங்கிய காவல்படை சரணடைந்தது. அந்த ஜூனில் யாழ்ப்பாணக் கோட்டையும் வீழ்ந்தது.

சதுரங்கத்தின் முடிவும் இப்படித்தான் வருகிறது. அரசனை வெட்டுவது இந்த ஆட்டத்தில் இல்லை. எதிரியின் காய் அரசன் நிற்கும் கட்டத்தைக் குறிவைத்தால் அது செக். செக்கிலிருந்து தப்ப மூன்று வழி: அரசன் விலகலாம், நடுவே ஒரு காயை வைத்து மறைக்கலாம், தாக்கும் காயையே வெட்டலாம். மூன்றும் அடைபட்டால் செக்மேட், ஆட்டம் முடிந்தது. செக் இல்லை, ஆனால் எந்தக் காயையும் விதிப்படி நகர்த்த வழியில்லை என்றால் அது ஸ்டேல்மேட். அது தோல்வி ஆகாது, சமநிலை. வெல்லும் நிலையில் இருப்பவர் அவசரப்பட்டு எதிரியை ஸ்டேல்மேட்டில் அடைத்துவிட்டால் வெற்றி கைநழுவும்.

அரசனைக் காப்பதற்கு ஐரோப்பியர் சேர்த்த விதி கோட்டை கட்டுதல். ஆட்டத்தில் ஒரு முறை மட்டும் அரசன் கோட்டையை நோக்கி இரண்டு கட்டம் நகர்வான், கோட்டை அவனைத் தாண்டி மறுபக்கத்தில் வந்து நிற்கும். இரண்டு காய்களும் அதுவரை நகர்ந்திருக்கக் கூடாது. நடுவில் வேறு காய் இருக்கக் கூடாது. அரசன் செக்கில் இருக்கும்போதோ, எதிரி குறிவைத்த கட்டத்தைக் கடந்தோ, அத்தகைய கட்டத்தில் போய் நிற்பதற்கோ இதைச் செய்ய முடியாது.

எச்-1 கோட்டைப் பக்கமாக இப்படி ஒதுங்கிய வெள்ளை அரசன் ஜி-1இல் நிற்பான். அவனுக்கு முன்னே எஃப்-2, ஜி-2, எச்-2 ஆகிய மூன்று கட்டங்களிலும் அவனுடைய காலாட்களே மதிலாக நிற்பார்கள். எதிரியின் கோட்டை திறந்த நிரல் வழியாக முதல் வரிசைக்கு வந்து செக் வைத்தால், அதை மறைக்கவோ வெட்டவோ காய் இல்லாதபோது, அரசன் முன்னே போக வழியில்லை. தன் மதிலே அவனை அடைத்துவிடுகிறது. புதியவர்கள் பலர் தோற்பது இந்த மேட்டில்தான். எச்-2 காலாளை ஒரு கட்டம் முன்னே தள்ளி வைத்தால் அரசனுக்கு ஒரு வாசல் கிடைக்கும். கடற்கோட்டையில் இருந்தவர்களுக்கு அந்த வாசல் கிடைக்கவில்லை.

மதிலைக் காரணமின்றிக் கலைத்தாலும் ஆபத்து. மிக விரைவில் முடியும் ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பாருங்கள். வெள்ளை எஃப்-2 காலாளை எஃப்-3க்கு நகர்த்துகிறது. கறுப்பு ஈ-7 காலாளை ஈ-5க்கு நகர்த்துகிறது. வெள்ளை ஜி-2 காலாளை ஜி-4க்குத் தள்ளுகிறது. கறுப்பு அரசி டி-8இலிருந்து மூலைவாட்டில் ஓடி எச்-4இல் வந்து நிற்கிறாள். செக்மேட். எச்-4, ஜி-3, எஃப்-2, ஈ-1 என்ற மூலைவாட்டுக் கோடு முழுதும் திறந்து கிடக்கிறது. நடுவே வைக்க ஒரு காயும் இல்லை. வெள்ளை இரண்டு முறைதான் நகர்த்தியது. இரண்டும் அரசனின் மதிலைத் திறந்த நகர்வுகள்.

காயின் விலை

காஸ்மஸ் கண்ட அரசன் யானையை முழத்தால் அளந்தான். பராக்கிரமபாகு யானைக் கப்பலுக்கு ஒரு கணக்கும் சரக்குக் கப்பலுக்கு வேறு கணக்கும் வைத்தான். சதுரங்கம் ஆடுபவரும் மனத்துக்குள் ஒரு விலைப்பட்டியல் வைத்திருக்கிறார். காலாளுக்கு 1, குதிரைக்கு 3, மந்திரிக்கு 3, கோட்டைக்கு 5, அரசிக்கு 9. அரசனுக்கு விலை கிடையாது, அவன் போனால் எல்லாம் போச்சு. எந்தக் காயைக் கொடுத்து எந்தக் காயை வாங்குகிறோம் என்று ஒவ்வொரு வெட்டுக்கு முன்பும் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. கறுப்பு அரசன் ஈ-8இலும் ஒரு கோட்டை ஏ-8இலும் தொடக்க இடத்திலேயே நிற்கின்றன. கறுப்பு அரசி வெளியே போய்விட்டாள், சி-7 கட்டத்துக்குக் காவல் இல்லை. வெள்ளைக் குதிரை பி-5இலிருந்து சி-7க்குத் தாண்டுகிறது. அங்கிருந்து ஒரு பக்கம் அரசனுக்குச் செக், மறுபக்கம் ஏ-8 கோட்டைக்குக் குறி. அரசன் விலகியே ஆக வேண்டும். அடுத்த நகர்வில் குதிரை கோட்டையை வெட்டும். பின்னர் அந்தக் குதிரை மூலையில் அகப்பட்டு மடிந்தாலும் கணக்கு வெள்ளைக்கு ஆதாயம்: 3ஐக் கொடுத்து 5ஐ வாங்கியிருக்கிறது. ஒரே தாண்டலில் இரண்டு காய்களைக் குறிவைக்கும் இந்த உத்தியைக் கண்டுபிடிக்கப் பழகிய நாளில் ஒருவர் ஆடத் தொடங்கிவிட்டார் என்று சொல்லலாம்.

தொடக்க நகர்வுகளுக்கும் வழிமுறை உண்டு. நடுக் காலாட்களில் ஒன்றை இரண்டு கட்டம் முன்னே வைத்து நடுப்பலகையில் இடம் பிடிக்க வேண்டும். குதிரைகளையும் மந்திரிகளையும் வெளியே கொண்டுவர வேண்டும். விரைவில் கோட்டை கட்ட வேண்டும். அரசியை முந்திக்கொண்டு வெளியே விடக் கூடாது. அவளைச் சின்னக் காய்கள் விரட்ட விரட்ட நகர்வுகள் வீணாகும்.

டெல்ஃப்ட் முதல் சென்னை வரை

ஒல்லாந்தர் நம் தீவுகளுக்குத் தம் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள் என்பதை முன்பே பார்த்தோம். ஊர்காவற்றுறைத் தீவு லைடன் ஆனது, நயினாதீவு ஹார்லெம் ஆனது, நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆனது. அந்த டெல்ஃப்ட் நகரமும் சதுரங்க வரலாற்றில் இடம்பெற்றது. 1935இல் உலக வாகைப் போட்டி ஒல்லாந்தின் பல ஊர்களில் மாறி மாறி நடந்தது. டெல்ஃப்ட் அவற்றில் ஒன்று. நடப்பு வாகையரான அலெக்சாந்தர் அலெகினை ஒல்லாந்துக் கணித ஆசிரியர் மக்ஸ் ஊவ வென்று பட்டம் சூடினார்.

இருபத்தைந்து ஆண்டு கழித்து, 1960இல் லைப்சிக் சதுரங்க ஒலிம்பியாட்டில், அதே ஊவயை ஒரு தமிழர் தோற்கடித்தார். பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த மனுவேல் ஆரோன். 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர் அவர். 1972இல் சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் தால் சதுரங்கக் கழகம் தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. சிறுவன் விசுவநாதன் ஆனந்த் பழகிய இடம் அது. ஆனந்த் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார், பிறகு ஐந்து முறை உலக வாகையர். 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது ஒலிம்பியாட் நடந்தபோது, வேட்டி கட்டிய குதிரை அதன் சின்னமாக நின்றது. அதற்குத் தம்பி என்று பெயர். இலங்கை அணியும் அங்கே ஆடியது.

ஐரோப்பிய விதிகள் இந்தப் பக்கம் திரும்பி வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1814இல் பம்பாயில் திருவேங்கடாசார்ய சாஸ்திரி என்பவரின் சதுரங்க நூல் சமஸ்கிருதத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து அச்சானது. ஐரோப்பிய முறைக்கு ஏற்ப அமைத்தது என்று அதன் தலைப்பே அறிவித்தது. நம் பழைய ஆட்டத்தில் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டந்தான் வைப்பான். புதிய முறை அவனுக்கு முதல் அடியில் இரண்டு கட்டம் போகும் உரிமையைக் கொடுத்தது.

காலாள்

அந்தக் காலாளைக் கடைசியாக வைத்திருக்கிறேன். பலகையில் விலை குறைந்தவன். நேரே போவான், பின்னே திரும்பமாட்டான். எதிரே காய் நின்றால் முட்டிக்கொண்டு நிற்பான். வெட்டுவது மட்டும் முன்பக்க மூலைவாட்டில் ஒரு கட்டம். எதிரியின் காலாள் இரண்டு கட்டம் பாய்ந்து பக்கத்தில் வந்து நின்றால், அவன் ஒரு கட்டமே வந்ததாகக் கொண்டு உடனே அடுத்த நகர்வில் வெட்டலாம் என்ற தனி விதியும் உண்டு. எதிர்ப்பக்கத்துக் கடைசி வரிசையை எட்டிவிட்டால் அவன் அரசியாகவோ கோட்டையாகவோ மந்திரியாகவோ குதிரையாகவோ மாறலாம். பழைய ஆட்டத்தில் அவனுக்குக் கிடைத்த உயர்வு ஒற்றை அடி வைக்கும் ஆலோசகர் பதவி மட்டுமே. இன்று பலகையின் மிகப் பெரிய ஆற்றலே அவனுக்குக் கிடைக்கிறது.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலக வாகைப் போட்டியின் பதினான்காவது ஆட்டம். சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் புள்ளியில் சமமாக இருந்தார்கள். ஆட்டமும் சமநிலையை நோக்கிப் போனது. குகேஷிடம் ஒரு காலாள் கூடுதல், அவ்வளவே. 55ஆவது நகர்வில் டிங் கோட்டையை எஃப்-2க்குக் கொண்டுவந்தார். கோட்டைகள் மாறின. அடுத்து மந்திரிகளை மாற்றிக்கொள்வதையும் குகேஷ் தவிர்க்க முடியாததாக்கினார். மிஞ்சியது அரசர்களும் காலாட்களும். அந்த ஒற்றைக் காலாள் போதுமாயிற்று. 7½க்கு 6½ என்ற கணக்கில் வென்று, சர்ச்சைக்கிடமற்ற உலகப் பட்டம் சூடியவர்களில் மிக இளையவரானார் குகேஷ்.

தீவகத்துப் பிள்ளைகள் இதை ஆட வேண்டும் என்று நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. பெரிய மைதானம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். மட்டையில் கோடு கிழித்தால் பலகை. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குக் குமுதினிப் படகிலோ வடதாரகைப் படகிலோ போகும் நேரத்தில் ஓர் ஆட்டம் முடித்துவிடலாம். இழப்பை முன்கூட்டி எண்ணிப் பார்ப்பதும், எதற்காக எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பதும் நம் துறையின் கல்வெட்டில் எண்ணூறு ஆண்டுக்கு முன்பே எழுதப்பட்ட அறிவு. பிள்ளைகள் அதைக் கையால் பழகிக்கொள்ள இந்த ஆட்டத்தைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முதல் நாள் எல்லாக் காய்களையும் அடுக்க வேண்டாம். ஆளுக்கு ஓர் அரசனும் எட்டுக் காலாட்களும் போதும். எந்தப் பக்கத்துக் காலாள் முதலில் கடைசி வரிசையை எட்டுகிறானோ அந்தப் பக்கம் வென்றது. இரண்டாம் நாள் குதிரைகளைச் சேருங்கள். மூன்றாம் நாள் மந்திரியும் கோட்டையும். அரசி கடைசியாக வரட்டும். வாரம் முடிவதற்குள் வீட்டில் முழு ஆட்டம் தொடங்கிவிடும்.

அடுத்த பகுதியில்: ஒல்லாந்தர் காலத்து நெடுந்தீவும் புறாக்கூட்டுக் கோபுரமும்.

(தொடரும்)